மச்சினன் விட்ட உப்பு

1

"தல சுத்துதாப்பா? ஒன்னுக்கு ஒழுங்கா போறீங்களா? கால் இழுத்துப் புடிக்குதா?"

கொஞ்ச நாட்களாக மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் மகள் இளவரசி விழுப்புரத்திலிருந்து போன் செய்து இந்த மூன்று கேள்விகளையும் கேட்கிறாள். நான் மஸ்கட்டில் ஒரு இஸ்திரிக் கடையில் வேலை செய்கிறேன். இந்த ஊர் ஆண்கள் உடுத்தும் நீள வெள்ளை அங்கிகளுக்குக் கஞ்சி போட்டுத் தேய்ப்பது என் வேலை. அவள் விழுப்புரத்தில் ஒரு மருத்துவக் கல்லூரியில் மனநல மருத்துவம் மேல்படிப்பு படிக்கிறாள். கடைசி வருடம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன்.

ஒன்னுக்கு ஒழுங்காகப் போகிறேனா என்று இந்த ஊருக்கு வந்த இத்தனை வருடத்தில் ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. குடியிருப்பு அட்டை புதுப்பிக்கும்போது இரத்தம் எடுப்பார்கள், நெஞ்சைப் படம் பிடிப்பார்கள், சீல் வைப்பார்கள். கேள்வி எதுவும் கிடையாது. அதனால் மகள் கேட்கிற மூன்றுக்கும் நான் அவசரப்படாமல் பதில் சொல்கிறேன். காலையில் எத்தனை டம்ளர் தண்ணீர் குடித்தேன் என்பதைக் கேட்காமலேயே சேர்த்துச் சொல்கிறேன்.

மகளின் கேள்விகள் முதலில் எனக்கு வந்தவை அல்ல. என் மச்சினனுக்குப் போய்க்கொண்டிருந்தவை. அவனிடமிருந்து என்னிடம் எப்படி வந்தன என்பதைத்தான் எழுதுகிறேன்.

2

தனசேகர் என் மனைவி அஞ்சலையின் தம்பி. திண்டிவனத்தில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறான். சுற்றுப்பட்ட ஊர்களில் கிணற்று மோட்டார் எரிந்தால் அவனிடம்தான் கொண்டு வருவார்கள். நான் வானூர்க்காரன். இளவரசி கைக்குழந்தையாக இருக்கும்போது இங்கே வந்துவிட்டேன். குழந்தையை வைத்துக்கொண்டு தனியாக இருக்க வேண்டாம் என்று அஞ்சலை தம்பி வீட்டுக்குப் போனாள். கொஞ்ச நாளைக்கு என்றுதான் போனாள். அந்தக் கொஞ்ச நாளில் என் மகள் டாக்டராகிவிட்டாள்.

தாய்மாமன் எவ்வளவு பெரிய ஆள் என்று நம் பக்கத்தில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. காது குத்தும்போது பிள்ளையை அவன் மடியில்தான் உட்கார வைப்பார்கள். பெண் வயசுக்கு வந்தால் பச்சை ஓலை வெட்டி வந்து குச்சு கட்டுவது அவன். கல்யாணத்தில் முதல் சீர்த்தட்டு அவனுடையது. அப்பன் பந்தலுக்கு வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டு நிற்பான். நான் அதற்குக்கூட இல்லை. காது குத்தலுக்கு எனக்கு விடுமுறை கிடைக்கவில்லை. போட்டோ வந்தது. அதில் குழந்தை வாயைப் பிளந்து அழுகிறாள். இரண்டு கையாலும் தனசேகரின் சட்டையை இறுக்கிப் பிடித்திருக்கிறாள். அந்தச் சட்டை நான் அனுப்பியது.

இளவரசி ஆறாவதோ ஏழாவதோ படிக்கும்போது தனசேகருக்கு நோய் வந்தது. தூக்கம் போயிற்று. பேச்சு நிற்கவில்லை. ஒரு நாள் ஒரு லாரி தர்ப்பூசணியைத் திண்டிவனம் பஸ் நிலையத்தில் இறக்கி, வருகிற பஸ்ஸுக்கெல்லாம் ஜன்னல் வழியாகக் கொடுத்தானாம். "எந்த ஊருக்குப் போனாலும் சொல்லுங்க, திண்டிவனத்துல ஒருத்தன் சும்மா குடுத்தான்னு!" என்று கத்தினானாம். பள்ளிக்கூடம் விட்டு வந்த இளவரசி, புத்தகப் பையோடு பழக் குவியல் பக்கத்தில் அவன் கையைப் பிடித்துக்கொண்டே நின்றாளாம். இரண்டு மாதம் கழித்து அதே ஆள் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டான். கூப்பிட்டால் திரும்பவில்லை.

மனசு மேலேயும் கீழேயும் போகிற நோய் என்றார்கள். லித்தியம் என்ற மாத்திரை கொடுத்தார்கள். அது ஒரு வகை உப்பு. அளவு குறைந்தால் வேலை செய்யாது, ஏறினால் விஷம். அதனால் அவ்வப்போது இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். அந்த மாத்திரைதான் அவனை நிலத்தில் நிற்க வைத்தது. மறுபடி காயில் கட்ட உட்கார்ந்தான். அவனுக்குப் பெண் கொடுக்க மட்டும் யாரும் வரவில்லை.

மாமனை ஒவ்வொரு முறையும் ஆஸ்பத்திரிக்கு இட்டுப்போனது இளவரசிதான். பத்தாவது படிக்கும்போதே, "நான் இந்த டாக்டருக்குத்தான் படிப்பேன்" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. கூடவே இன்னொன்றும் இருந்தது. எனக்கு அப்போதே முதுகு வலி. எலும்பு டாக்டருக்குப் படிக்கலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

3

மனநல மருத்துவத்தில் சேர்ந்த பிறகு அவளோடு பேசுவது குறைந்தது. நான் கூப்பிட்டால் "வார்டுல இருக்கேன்ப்பா" என்பாள். பக்கத்தில் யாரோ இங்கிலீஷில் கேட்க, அவளும் இங்கிலீஷில் கடகடவென்று பதில் சொல்வாள். நான் போனைக் காதில் வைத்தபடி காத்திருப்பேன். என் தமிழும் இங்கே கெட்டுப்போயிருக்கிறது. சாப்பிட்டியா என்று அஞ்சலை கேட்டால், இல்லை என்பதற்கு 'மாஃபி' என்று வாயில் வந்துவிடுகிறது. எனக்கு அரபியும் முழுசாகத் தெரியாது. இந்தியும் மலையாளமும் கலந்து ஒப்பேற்றுகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் திண்டிவனம் வந்திருந்தாள். அஞ்சலை போனைச் சாய்த்து வைத்துவிட்டு வேலையைப் பார்த்தாள். நான் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமனும் மருமகளும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். தன்னையே மாய்த்துக்கொள்கிற ஆபத்து ஒருவருக்கு இருக்கிறதா என்று எப்படிக் கேட்டறிவது, அதுதான் அவளுக்கு அந்த வாரப் பாடம்.

"நேராக் கேக்கணும்ப்பா," என்று முதலில் என்னிடம் சொன்னாள். "'சாகணும்னு தோணுதா'ன்னே கேக்கணும். கேட்டா இல்லாத நெனப்பு வந்துரும்னு எல்லாரும் பயப்படுறாங்க. அப்படியெல்லாம் வராது. நம்மள ஒருத்தரும் கேக்கலியேன்றதுதான் பெரிய பாரம்."

பிறகு அவனிடம் திரும்பினாள். "மாமா, நீ பேஷண்ட்டு. நான் டாக்டரு. ஆரம்பிக்கட்டா?"

"நான் நெசமாவே பேஷண்ட்டுதானடி. இதுல நடிக்க இன்னா இருக்குது?"

தூக்கம், பசி, யாரோடு இருக்கிறாய், முன்பு எப்போதாவது அப்படித் தோன்றியதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவள் குரல் எனக்குத் தெரியாத குரலாக இருந்தது. ஒரு கேள்வி முடிந்ததும் அடுத்ததற்குப் பாயவில்லை. அவன் பதில் சொல்லும் வரை முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில், "உசிரோட இருக்கணும்னு உன்ன எது புடிச்சு வச்சிருக்குது மாமா?" என்றாள்.

"உன் கல்யாணந்தான். நான் இல்லன்னா சீர்த்தட்ட யாரு தூக்கறது? உங்கப்பாவா? அவரு தட்டயும் இஸ்திரி போட்டு மடிச்சு வச்சிடுவாரு."

சமையலறையிலிருந்து அஞ்சலை சிரிப்பது கேட்டது. நானும் சிரித்தேன். பிறகு கொஞ்சம் துணிந்து, "என்னயும் கேளேன்" என்றேன்.

"உங்கள கேட்டு இன்னாப்பா பிரயோசனம்? நீங்க எல்லாத்துக்கும் நல்லாருக்கேன்னுதான் சொல்வீங்க."

அன்பாகத்தான் சொன்னாள். பொய்யும் இல்லை. மறுநாள் கடையில் ஒரு அங்கியின் கழுத்துப் பட்டையைக் கருக்கிவிட்டேன். வேலைக்கு வந்த பிறகு நான் கருக்கிய முதல் துணி அதுதான்.

4

இந்த வருடம் கத்திரி வெயில் ஆரம்பித்த சமயம். அஞ்சலையோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தேன். தனசேகர் கடையிலிருந்து வந்து பின்னால் நின்றான். டம்ளரை எடுத்தான். கை தடதடவென்று ஆடியது. பாதித் தண்ணீர் சட்டையில் கொட்டியது.

"மாமா, எப்படிக் கீறீங்க?" என்றான். நாக்கு தடித்துப் போயிருந்தது. காலை அகட்டி வைத்து, சுவரைப் பிடித்தபடி உள்ளே போனான்.

குடிக்கிறான் என்று நினைத்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்து எழுதுவதில் அர்த்தமில்லை. அஞ்சலையிடம் ஒன்றும் கேட்கவில்லை. யாரைப் பற்றியும் யாரிடமும் கோள் சொல்கிற தைரியம் எனக்குக் கிடையாது. ஆனால் போனில் பேசிப் பதிந்து அனுப்பும்போது எதிரில் ஆள் இருப்பதில்லையே. மகளுக்கு அனுப்பினேன்.

"இளா, ஒன் மாமன் குடிக்க ஆரம்பிச்சிட்டான். டம்ளர் புடிக்க முடியல. நாக்கு கொழறுது. செவுத்த புடிச்சிக்கினு நடக்கறான். அவன தலமேல தூக்கி வச்சிக்கினு ஆடறியே, போய்ப் பாரு."

கொஞ்ச நேரத்தில் அவளே கூப்பிட்டாள். அழுவாள், இல்லை என்மேல் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் இல்லை.

"கை சும்மா இருக்கும்போது ஆடுச்சா, டம்ளர தூக்கும்போதா?"

"தூக்கும்போது."

"பெரிசா ஆடுச்சா, லேசாவா?"

"பெரிசா. தண்ணி கொட்டிடுச்சு."

"வாந்தி, பேதின்னு எதனா சொன்னாரா? தூங்கி வழிஞ்சாரா?"

தெரிந்ததைச் சொன்னேன். என் மகள் என்னிடம் ஒரே மூச்சில் அத்தனை கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை. அத்தனையும் அவனைப் பற்றியவை.

"இது குடி இல்லப்பா. லித்தியம் ஏறியிருக்குது" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மீதியை அஞ்சலைதான் பிறகு சொன்னாள். மகள் அவளைக் கூப்பிட்டு, "மாத்திரைய தொடாத, ஒரு வண்டி புடிச்சு மாமாவ இங்க இட்டுக்கினு வா, ஜல்தி" என்றிருக்கிறாள். விழுப்புரம் போய்ச் சேர்வதற்குள் அவன் இரண்டு முறை வாந்தி எடுத்து, கூப்பிட்டால் பாதி கண் திறக்கிற நிலைக்கு வந்துவிட்டான். படுக்கை பக்கத்தில் நின்று மகள் தாயைக் கேட்டாள். புதிதாக ஏதாவது மாத்திரை போட்டாரா? வலி மாத்திரை? நாட்டு மருந்து? எதுவும் இல்லை. சாப்பாட்டில் எதையாவது மாற்றினாரா?

அஞ்சலை வாயைத் திறக்கவில்லை. மகள் தோளைப் பிடித்து உலுக்கிய பிறகு, "உப்ப உட்டுட்டாண்டி" என்றாள்.

இளவரசியின் பரீட்சைக்காகத் தனசேகர் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறான். ஒரு மண்டலம் உப்பில்லாச் சோறு. கூழிலும் உப்பில்லை, மோரிலும் உப்பில்லை. யாருக்காக வேண்டுகிறோமோ அவர்களிடம் சொன்னால் பலிக்காது என்பது நம் பக்கத்துப் பழக்கம். அதனால் வீட்டில் ஒரு டாக்டரை வைத்துக்கொண்டு அக்காளும் தம்பியும் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். அந்த வெயிலில், கடைக்குள் வேர்த்துக் கொட்ட, உடம்பிலிருந்த உப்பும் போய்விட்டது.

"உப்பு கொறஞ்சா, உடம்பு அந்த மாத்திரையப் போய் உப்புன்னு நெனச்சிக்கினு வெளிய உடாம புடிச்சு வச்சிக்கும்ப்பா," என்று பிறகு எனக்கு விளக்கினாள். "எப்பவும் போடற அதே மாத்திரைதான். அதே அளவுதான். ஆனா ஏறிக்கினே போகும்."

கண் விழித்ததும் அவனைத் திட்டியிருக்கிறாள். "பத்தியம் எதுவும் இருக்காதன்னு எத்தன வாட்டி சொல்லியிருக்கேன்!"

"பத்தியமா இருந்தா உன்ன கேட்டிருக்க மாட்டேனா? இது வேண்டுதல்டி" என்றானாம்.

5

கையில் பாட்டில் ஏறிக்கொண்டிருந்தது. அது உப்புத் தண்ணீர் என்று தெரிந்ததும் தனசேகர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

இரத்தத்தில் அளவு இறங்கியது. நடுக்கம் குறைந்தது. ஆனால் தட்டில் சோறு வைத்தால் உப்பு போட்டதா என்று கேட்டுவிட்டுத் தள்ளினான். உப்பு இருந்தது. விஷயத்தைச் சொன்னது அக்காதான், நான் இல்லை, அதனால் வேண்டுதல் இன்னும் செல்லும், வீட்டுக்குப் போய் மீதி நாளை முடிப்பேன் என்றான். உப்பு சாப்பிடாத வரை அந்த மாத்திரையை மறுபடி தொடங்க முடியாது. மாத்திரை இல்லாமல் விட்டால் தர்ப்பூசணி லாரியும் சுவரைப் பார்த்த படுக்கையும் திரும்பி வரும். வேறு மாத்திரைகள் இருக்கின்றன. அவனுக்கு அவை ஒத்துக்கொள்ளவில்லை என்பதை முன்பே பார்த்தாகிவிட்டது. சோற்றையே தள்ளுகிறவனை என்ன செய்வது?

அவளுக்குப் பாடம் சொல்லும் பெரிய டாக்டர் பக்கத்தில் நிற்க, அவள் அந்தக் கேள்வியை இந்த முறை நிஜமாகவே கேட்டாள். "மாமா, சாகணும்னு தோணுதா?"

"இல்லடி. நீ பாஸ் பண்ணணும்னு தோணுது."

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாளாம். அஞ்சலை என்னிடம் இதைச் சொன்னபோது, எனக்கு அவன்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். வந்தது. அதற்கு முன்னால், இப்படி ஒரு பதில் எனக்கு வாய்க்கவில்லையே என்றும் வந்தது.

ஊருக்குக் கிளம்பலாம் என்று பார்த்தேன். என் குடியிருப்பு அட்டை புதுப்பிக்கப் போயிருந்தது. அது கைக்கு வந்த பிறகு போ என்று முதலாளி சொன்னார். அலுவலக ஜன்னலில் கேட்டால் 'புக்ரா' என்றார்கள். நாளைக்கு என்று அர்த்தம். நான் இங்கே முதலில் கற்றுக்கொண்ட அரபி வார்த்தை. மறுநாளும் அதே ஜன்னலில் அதே வார்த்தை கிடைத்தது. அஞ்சலை எப்போது வருவாய் என்று கேட்டதற்கு என் வாயிலும் அதுவே வந்தது.

"இன்னாயா பாஷ அது? வருவியா மாட்டியா, தமிழ்ல சொல்லு."

"வர முடியாது" என்றேன். பிறகு எனக்கே தெரியாமல், "போன அவன்கிட்ட குடு" என்றேன்.

அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"தனா, மீதி நாள நான் முடிக்கறேன்."

கட்டில் கிறீச்சிட்டது.

"நீங்களா?"

"நான்தான்."

"நீங்க இன்னாத்துக்கு மாமா? வேண்டுனது நானு."

அஞ்சலை இடையில் புகுந்தாள். "டேய், நம்ம சித்தப்பாவுக்கு ஜொரம் வந்தப்ப அவரு தீமிதி வேண்டுதல அவரு தம்பி எறங்கி முடிக்கல? ஒரே வூட்டு ஆளு முடிக்கலாம்டா."

"ஒரே வூடுன்னாதான்க்கா," என்றான் தனசேகர். "இவரு நம்ம வூட்லயா இருக்காரு?"

அவன் குத்திக்காட்டச் சொல்லவில்லை. வேண்டுதல் செல்லுமா என்ற கவலையில்தான் கேட்டான். அதனால்தான் அது அவ்வளவு ஆழமாக இறங்கியது. போனை வைத்துவிடலாம் என்று இருந்தது.

அப்போது இளவரசியின் குரல் கேட்டது. "எங்கப்பா நம்ம வூடு இல்லாம வேற எந்த வூடு மாமா? எங்க இருந்தா இன்னா?"



"செரி," என்றான் கடைசியில். "ஆனா ஊறுகா தொட்டுக்கக் கூடாது மாமா. கருவாடு கூடாது. நாக்குல பட்டா கூட வேண்டுதல் போச்சு."

"தொட மாட்டேன்."

தட்டை இழுக்கும் சத்தம் கேட்டது. அவன் சாப்பிட்டான்.

6

அஞ்சலைக்கு என்னைத் தெரியும். நான் மகளுக்கு அனுப்பிய பேச்சை அவளும் கேட்டிருக்கிறாள். "கோள் சொல்லியே ஒரு உசிர காப்பாத்துன ஆளு ஒலகத்துலயே நீதான்யா" என்று இன்னும் சிரிக்கிறாள். மகள் அப்படி நினைக்கவில்லை. "நீங்க அவ்ளோ கவனமா பாத்ததாலதான்ப்பா" என்றாள். கவனமாகத்தான் பார்த்தேன். இத்தனை வருடமாக அவனைக் கவனமாகவே பார்த்து வருகிறேன்.

நான் உப்பை விடுவதற்கும் அவள் முதலில் சம்மதிக்கவில்லை. இஸ்திரிச் சூட்டில் நிற்கிறவன், வேர்க்கிற உடம்பு என்றாள். வேறு எந்த மாத்திரையும் போடவில்லைதானே என்று பல முறை கேட்டாள். கடைசியில் அஞ்சலை பூசாரியிடம் போய், கைமாறிய வேண்டுதலுக்கு ஒரு வேளை போதும் என்று உத்தரவு வாங்கி வந்தாள். அதை மாமனிடமும் மறைக்காமல் சொல்லிவிட்டார்கள். காலையும் இராவும் உப்போடு சாப்பிட வேண்டும். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். மதியம் மட்டும் உப்பில்லாச் சோறு. மதியம் அவள் போன் செய்வாள். இதுதான் ஏற்பாடு.

கடையில் என்னோடு வேலை செய்கிற ரபீக் பாய் கோட்டக்குப்பத்துக்காரர். அவர்தான் எங்கள் இருவருக்கும் சமைக்கிறார். எனக்குத் தனியாகப் பருப்பை எடுத்து வைத்துவிட்டுப் பிறகு உப்பு போடுகிறார்.

"நாங்க ஒரு மாசம் பகல்ல பச்சத் தண்ணி தொடாம இருக்கறோம். நீ ஒரு வேள உப்புக்கு இவ்ளோ பேஜாரு பண்றியே!"

"ஒங்களுக்கு யாரு பாய் போன் பண்ணி தல சுத்துதான்னு கேக்கறாங்க?"

அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அதுவும் நெசந்தான்" என்றார்.

நேற்று மகள் மூன்று கேள்வியும் கேட்டு முடித்தாள். நான் மூன்றுக்கும் பதில் சொன்னேன். வழக்கமாக வைத்துவிடுவாள். நேற்று வைக்கவில்லை. அன்றைக்குத் திரையில் மாமன் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தாளே, அதே மாதிரி காத்திருப்பது எனக்குக் கேட்டது.

"வேற எதனா சொல்லணுமாப்பா?"

நல்லாருக்கேன் என்று நாக்கு வரை வந்துவிட்டது.

"முதுகு வலிக்குது" என்றேன்.

"எத்தன நாளா?"

"நீ பத்தாவது படிக்கும்போதுலருந்து."

வார்டில் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். அவள் போகவில்லை.

"ஏம்ப்பா சொல்லல?"

"நீ கேக்கல."

அதற்குப் பிறகு வெகுநேரம் கேட்டாள். குனியும்போதா, நிமிரும்போதா? காலுக்கு இறங்குகிறதா? தூங்க முடிகிறதா? ரபீக் பாய் என் பங்குத் துணியையும் தேய்த்தார்.

இன்று காலை தனசேகர் கூப்பிட்டான். பேச்சு தெளிவாக இருக்கிறது. கை ஆடவில்லையாம். மாத்திரையை மறுபடி தொடங்கியாயிற்று. ஒரு மோட்டார் காயில் கட்டி முடித்ததையும் சொன்னான். பிறகு கொஞ்சம் இழுத்தான்.

"மாமா, இளா டெய்லி ஒங்களுக்குப் போன் பண்றாளாமே?"

"ஆமா தனா. மத்தியானத்துல."

"எனக்கு ஞாயித்துக்கெழமதான் பண்றா. தண்ணி குடிச்சியா, ரத்தம் குடுத்தியான்னு ரெண்டு வார்த்த. வச்சிடறா. ஒங்ககிட்ட நேத்து ரொம்ப நேரம் பேசிக்கினு இருந்தாளாம். அக்கா சொல்லுச்சு."

"முதுகு வலின்னு சொன்னேன். அதான்."

"நல்லாருக்கேன்னு சொல்லிடுங்க மாமா. பாவம், பரீட்ச நேரம். அவளுக்குப் படிக்கணும் இல்ல?"

பரீட்சைக்காகச் சொல்கிற குரல் இல்லை அது. அந்தக் குரலை எனக்கு நன்றாகத் தெரியும். இத்தனை வருடமும் எனக்குள் நான் கேட்டுக்கொண்டிருந்த குரல், இப்போது திண்டிவனத்திலிருந்து வருகிறது.

"செரி தனா" என்றேன்.

வெள்ளிக்கிழமை அவளுக்குக் கடைசிப் பரீட்சை. அன்றோடு வேண்டுதல் முடிகிறது. சனிக்கிழமை மதியம் எனக்கு உப்பு போட்டு மீன் குழம்பு வைப்பதாக ரபீக் பாய் சொல்லியிருக்கிறார். வைக்கட்டும். அதன் பிறகு அந்த மூன்று கேள்விக்கும் வேலை இருக்காது. முதுகு வலியைப் பற்றி நான் இன்னும் பாதிகூடச் சொல்லவில்லை.